பொன்னுரங்கத்துக்கு ஐப்பசியில் திதி

என் இரண்டு கண் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. ஆயுள் முழுக்க மூக்குக்கண்ணாடிக் கடை வைத்துப் பிழைத்தவன் கண் மேல் சத்தியம் பண்ணுகிறான் என்றால் அது எவ்வளவு பெரிய சத்தியம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கற்பூரம் இருந்தால் கொண்டுவாருங்கள், உள்ளங்கையில் ஏற்றி அணைக்கிறேன். கோயில் யானைக்கு நான் கண்ணாடி செய்து மாட்டியதைக் கேட்டுச் சிரித்தவர்கள்தான் இதற்கும் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அந்த யானைக்குக் கிட்டப்பார்வை இருந்தது உண்மை, பாகன் என்று நினைத்துத் தர்மகர்த்தாவைத் தூக்கி முதுகில் வைத்துக்கொண்டது உண்மை, அதன் காதுக்கு எட்டுகிற மாதிரி கம்பி எந்தக் கம்பெனியிலும் கிடைக்காமல் நான் இரண்டு குடைகளைப் பிரித்தது உண்மை. அதை விடுங்கள். நான் சொல்ல வந்தது அந்த ஞாயிற்றுக்கிழமை காலையைப் பற்றி. நான் மறுபடி அதற்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்கிறேன், நீங்களும் பக்கத்து நாற்காலியில் உட்காருங்கள்.

திருவல்லிக்கேணியில் ஒரு பள்ளிக்கூடத்து மாடி ஹால். எங்கள் பழம்பொருள் சேகரிப்போர் சங்கத்தின் மாதக் கூட்டம். தலைக்கு மேல் மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒருமுறை கட்டக் என்கிறது, பின்னால் கேரியரில் சொஜ்ஜியும் பஜ்ஜியும் மூடிவைத்திருக்கிறார்கள், நெய் வாசனை மூன்றாவது வரிசைவரை வந்து என் மூக்கைத் தொட்டுவிட்டுப் போகிறது. எனக்குப் பசியில்லை. எனக்கு இருப்பது வேறு. மேடையில் ஆடிட்டர் திருநாரணன் பேசிக்கொண்டிருக்கிறான். வெளியே வாய் திறந்தால் சார் என்பேன், மனசுக்குள் எப்போதும் அவன்தான். நீல வெல்வெட் விரித்த கண்ணாடிப் பெட்டி, அதன் நடுவில் ஒற்றை பேட்ஜ். மற்றவர்கள் சிப்பாய்களின் பதக்கம், ரெஜிமெண்ட் தொப்பி முத்திரை என்று ஓடுவார்கள், எனக்கு அதெல்லாம் பிடிக்காது. யுத்த காலத்தில் மிலிட்டரி டிப்போக்களில் வேலை பார்த்த ஸ்டாஃப் ஆட்கள் சட்டையில் குத்திக்கொண்டு கேட்டுக்குள் போவார்களே, அந்த அடையாள பேட்ஜ்தான் எனக்கு. எடை போட்டவன், கணக்கு எழுதினவன், மூட்டை எண்ணினவன். பித்தளை வட்டம், விளிம்பில் எழுத்தும் எண்ணும், நடுவில் செல்லுலாய்டுக்கு அடியில் ஒரு முகம். பதக்கத்தில் ராஜா முகம் இருக்கும், இதில் ஆள் முகம் இருக்கும். அதோ வெல்வெட் மேல் இருக்கிற அந்த முகம், இடது புருவம் கொஞ்சம் தூக்கி, என்ன பார்க்கிறாய் என்று கேட்கிற முகம், அது என்னுடையது. என் முகம் இல்லை, என் பேட்ஜ். அதைத் திரும்ப வாங்காமல் நான் சாகப்போவதில்லை. அவனை இந்த ஹாலில் நாலு பேர் முன்னால் நாக்கு உலர நிறுத்திவிட்டுத்தான் வாங்குவேன். அதற்குத்தான் இன்று வெள்ளைச் சட்டை, அதற்குத்தான் முகச்சவரம், வேறெதற்கும் இல்லை.

பேசுகிறான் பார். “இந்தப் படத்தில் இருப்பவர் பொன்னுரங்கம் என்ற கேட் கிளார்க். என் பல வருஷ ஆராய்ச்சியில் தெரியவந்தது.” ஆராய்ச்சி. பொன்னுரங்கம் என் வாயில் பிறந்தவனய்யா. பல்லாவரத்துப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் தகரத்துக்கும் பூட்டுக்கும் நடுவில் கிடந்த பேட்ஜ் அது. யார் முகமோ, என்ன பேரோ, கடைக்காரனுக்கே தெரியாது. பேர் இல்லாமல் ஒரு மனுஷன் என்னை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் எப்படித் தூங்குவது, அதனால் பொன்னுரங்கம் என்று வைத்தேன். பேர் வைத்ததும் வேலை வந்தது, வேலை வந்ததும் கதை வந்தது. இதே ஹாலில் நான்தான் முதலில் சொன்னேன். மிலிட்டரி டிப்போ வாசலில் பொன்னுரங்கம். யாராக இருந்தாலும் பேட்ஜ் இல்லாமல் உள்ளே விடமாட்டான். ஒரு நாள் பெரிய ஜெனரல் ஜீப்பில் வருகிறான், பேட்ஜை வீட்டில் வைத்துவிட்டான். கூட அவனுடைய நாய். நாய் கழுத்தில் பேட்ஜ் இருக்கிறது, ஏனென்றால் போன வாரம் பொன்னுரங்கம் கறாராகச் சொல்லி அதற்கு ஒன்று அடித்துப் போடவைத்திருந்தான். அந்த பேட்ஜில் நாயின் படம்கூட உண்டு, நேராகக் காமிராவைப் பார்த்து. பொன்னுரங்கம் குனிந்து நாயின் பேட்ஜைச் சரிபார்த்துவிட்டு, நீங்கள் உள்ளே போகலாம் என்று நாயிடம் சொல்கிறான், ஐயா வெளியே நில்லுங்கள் என்று ஜெனரலிடம் சொல்கிறான். அன்றைக்கு ஹாலே குலுங்கியது. இப்போது இவன் சொல்வதைக் கேட்கிறேன், ஜெனரல் வந்தாராம், பேட்ஜ் இல்லையாம், பொன்னுரங்கம் தடுத்தாராம், ஜெனரல் சல்யூட் அடித்தாராம், கடமை உணர்ச்சியாம். நாய் எங்கே. நாயை விட்டுவிட்டான். பாவி, திருடினது திருடினாய், நாயோடு திருடியிருக்கக் கூடாதா. நாய் இல்லாமல் அந்தக் கதை நிற்குமா, பள்ளிக்கூடத்துச் சுவரில் எழுதிப் போடுகிற வாசகம் மாதிரி அல்லவா இருக்கிறது. திருட்டைக்கூட மன்னிக்கலாம் போலிருக்கிறது, இதை மன்னிக்க முடியாது. இல்லை, திருட்டையும் மன்னிக்க முடியாது.

எப்படித் திருடினான் என்று சொல்லவில்லையே. கதை சொல்லி முடித்த அன்று, எல்லாரும் கைதட்டும்போது, இவன் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தான். கண்ணில் இடுக்கிக்கொள்கிற லென்ஸ், அதுவும் என் கடையில் வாங்கியதுதான், நானே துடைத்துப் பெட்டியில் போட்டுக் கொடுத்தது. பேட்ஜை ஓரத்தைப் பிடித்துத் தூக்கினான், விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். “ஓய் மாசிலாமணி, எழுத்து இடுக்கில் பரு பருவா இருக்கே. இது அச்சில் அடிச்சது இல்லை, மண்ணில் வார்த்த காஸ்டிங், போலி. உம்ம பொன்னுரங்கம் மாதிரியே இதுவும் கதைதான்.” கைதட்டிய அதே கைகள் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தன. காது மடல் சுட்டது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது, இதோ இப்போதும் சுடுகிறது, தொட்டுப் பார்க்கிறேன், கிழட்டுக் காது, வெதுவெதுப்பாக. அந்த வாரமே பழம்பொருள் புரோக்கர் கபூர் பாய் என் கடைக்கு வந்தான். “அண்ணே, காஸ்டிங்ன்னு பேராயிடுச்சு, இனிமே அது எதுக்கு? பித்தளை வெலைக்குக் குடுத்துடுங்க, நம்ம தலைவலி போவும்.” அவமானத்தில் இருந்தவன், மேசை டிராயரைத் திறந்து எடுத்து எறிந்தேன். எடுத்துக்கொண்டு போ என்றேன். அடுத்த தீபாவளிக்குள் அது நீல வெல்வெட்டில் உட்கார்ந்திருந்தது, அபூர்வம், அசல், ஆடிட்டர் சாரின் சேகரம். இது என்னுடையது என்றேன். “உம்மோடது காஸ்டிங், இது அசல். எப்படி ஓய் ரெண்டும் ஒண்ணாகும்?” மறுபடி தொடைகள், மறுபடி சிரிப்பு. யானைக்குக் கண்ணாடி போட்டவன் பேச்சை யார் நம்புவார்கள். கபூர் பாய் என் கடைப் பக்கமே வருவதை நிறுத்திக்கொண்டான்.

அவன் பரு என்று சொன்னானே, அது என்னவென்று எனக்குத் தெரியும். இந்த ஹாலில் எனக்கு மட்டும்தான் தெரியும். வேதவல்லி, என் வீட்டுக்காரி, ஆயுதபூஜை என்றால் வீட்டில் இரும்பு, பித்தளை என்று எது கண்ணில் பட்டாலும் பொட்டு வைக்காமல் விடமாட்டாள். லென்ஸ் தேய்க்கிற மிஷினுக்கு, திருப்புளிக்கு, அரிவாள்மணைக்கு, தண்ணீர்க் குழாய்க்கு, ஒரு வருஷம் நான் தூங்கும்போது என் கையிலிருந்த கடிகாரத்துக்கு. இன்னொரு வருஷம், நான் கடையிலிருந்து வருவதற்குள் என் பேட்ஜுகள் வரிசையாகப் பலகையில் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்தனம், ஒரு குங்குமம். தலையில் கையை வைத்துக்கொண்டேன். “ஏன் கத்துறீங்க? ஒங்க ஆளுங்கதானே எல்லாம், அவங்களுக்கும் இன்னைக்குப் பூசைதானே.” ஒங்க ஆளுங்க. எங்கள் தொழிலில் பழைய உலோகத்தைக் கழுவக் கூடாது, தேய்க்கக் கூடாது, பாலிஷ் போட்டால் மதிப்பு போய்விடும், ஈரத்துணிகூடக் காட்டமாட்டோம். அதனால் நான் ஊதி ஊதி விட்டேன், சந்தனம் உதிர்ந்தது, விளிம்பு எழுத்தின் இடுக்கில் குங்குமம் நின்றுவிட்டது. பெரிய சேகரிப்பாளன் ஆயிற்றே, திருநாரணனும் தேய்த்திருக்கமாட்டான். அவன் ஒழுக்கம் எனக்கு உபகாரம். அப்படியானால் அது இன்னும் அங்கேயே இருக்கிறது. அவள் மோதிர விரலில் எடுத்து வைத்த பொட்டு. அவள் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் தேடிப் பார்த்தேன், அவள் கை வைத்தது என்று சொல்ல என்ன மிச்சம், புடவைகளை அவள் தங்கை கொண்டுபோய்விட்டாள், அரிவாள்மணை துருப்பிடித்துவிட்டது, சாமி படத்துப் பொட்டை வேலைக்காரி துடைத்துவிட்டாள். அப்போதுதான் இது ஞாபகம் வந்து அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். கொடுத்துவிடுங்கள் சார், என்ன வேண்டுமானாலும் மாற்றுக்குத் தருகிறேன் என்றேன். காரணம் சொல்லவில்லை, சொன்னால் அதுவும் கதை என்பான். செருப்பைக்கூடக் கழற்றச் சொல்லாமல் வாசலிலேயே நிற்கவைத்து, யானை வாங்கித் தருவீரா ஓய் என்றான்.

இன்று என்ன செய்யவேண்டும் என்று வீட்டிலிருந்து வரும்போதே ஒத்திகை பார்த்துவிட்டேன். கேள்வி உண்டா என்று கேட்பான். எழுந்திருக்கவேண்டும். லென்ஸை வாங்கி எல்லாரையும் விளிம்பைப் பார்க்கச் சொல்லவேண்டும். சிவப்பு தெரிகிறதா, அது என் மனைவி வைத்த குங்குமம், ஆகவே இது என் பேட்ஜ், நீ அன்று காஸ்டிங் என்றது இதைத்தான், தெரிந்தே சொன்னாய். நல்ல உண்மை. பஸ்ஸில் வரும்போது உறுதியாக இருந்தது. இப்போது நாக்கில் வைத்துப் பார்த்தால் சப்பென்று இருக்கிறது. யார் நம்புவார்கள். மாசிலாமணி பெண்டாட்டி பேட்ஜுக்குப் பொட்டு வைத்தாளாம். முதல் வரிசையில் யாராவது யானைக்குக் குங்குமம் வைக்கவில்லையா என்பான், அவள் பேர் இவர்கள் தொடையில் அடிபடும். நான் சொன்ன பொய்களையெல்லாம் ஒன்று விடாமல் ரசித்து விழுங்கினவர்கள், நான் சொல்கிற முதல் உண்மையிலேயே விக்கிக்கொள்வார்கள். எழுந்திருக்க வேண்டாம். சொஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆனால் அந்த முகம் புருவத்தைத் தூக்கிக்கொண்டு பார்க்கிறது, என்ன மாசிலாமணி, உள்ளே வருகிறாயா, வெளியே நிற்கிறாயா. கைதட்டல். முடித்துவிட்டான். சால்வை போர்த்துகிறார்கள். முதல் வரிசையில் அரக்குப் பட்டில் அவன் சம்சாரம் பத்மாசனி அம்மாள், மூக்குத்தி மினுங்கத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். அந்த அம்மாளுக்கு முதல்முதலில் கண்ணாடி போட்டுவிட்டது நான். தாயார் முகம் இப்போதான் நன்னாத் தெரியறது மாசிலாமணி என்று கோயிலிலிருந்து நேரே கடைக்கு வந்து சொன்ன மனுஷி. “கேள்வி ஏதும் உண்டா?” என்கிறான். கண் என்மேல் வந்து நிற்கிறது. “என்ன மாசிலாமணி, யானை சௌக்கியமா?”

சிரிப்பு. நான் எழுந்துவிட்டேன். முழங்கால் தானாக நிமிர்ந்துவிட்டது, வாய் தானாகத் திறந்துவிட்டது, கண் மேல் சத்தியம், அடுத்த நொடிவரை என்ன வரப்போகிறது என்று எனக்கே தெரியாது. “யானை போய்ச் சேர்ந்துடுச்சுங்க சார். நல்லாப் பேசினீங்க. பொன்னுரங்கத்தைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சவரு, அந்தக் கடைசி விஷயத்தை மட்டும் விட்டுட்டீங்களே, அதான் எழுந்தேன்.” என்ன விஷயம் என்கிறான். முகத்தில் சால்வைச் சிரிப்பு இன்னும் போகவில்லை. “அவருக்குப் பிள்ளை இல்ல சார். செத்ததும் அவர் சம்சாரத்துக்கிட்ட இருந்த ஒரே படம் இந்த பேட்ஜுல இருக்கிறதுதான். அந்தம்மா தெனமும் இதுக்கு சந்தனம் குங்குமம் வெச்சுட்டு வந்தாங்க. சாகும்போது சொல்லிட்டுப் போனாங்க, இந்தப் படம் எந்த வீட்டுல இருக்கோ அந்த வீட்டு ஆம்பிளை வருஷம் தவறாம என் புருஷனுக்கு எள்ளும் தண்ணியும் விடணும்னு. உங்களுக்குத் தெரியாம இருக்காது. நீங்க வருஷா வருஷம் விட்டுக்கிட்டுத்தான் இருப்பீங்க, சபையில சொல்லிக்க வேணாம்னு விட்டுட்டீங்கபோல.” உட்கார்ந்துவிட்டேன். கதையில் கடைசி முடிச்சைச் சொல்கிறவன் போடக் கூடாது, கேட்கிறவர் கையில் நுனியைக் கொடுத்துவிடவேண்டும். மின்விசிறி கட்டக் என்றது. யாரும் தொடையில் அடித்துக்கொள்ளவில்லை.

பத்மாசனி அம்மாள் எழுந்திருந்தார். “ஏன்னா, அந்த லென்ஸைக் கொடுங்கோ.” பெட்டியைத் திறந்தார், லென்ஸைத் தன் கண்ணாடிக்கு முன்னால் பிடித்துக் குனிந்தார். குனிந்தபடியே இருந்தார். ஊதி ஊதி நான் எல்லாவற்றையும் விரட்டிவிட்டேனோ, இத்தனை வருஷத்துக் காற்றில் போயிருக்குமோ, வேதா, நீ வைத்தது வைத்த இடத்திலேயே இருக்கிறதா. “ஏன்னா, இது குங்குமம்னா.” அந்தச் சொல் காதில் விழுந்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். “போயிட்ட மனுஷா படத்தை, யாரு எவான்னு தெரியாம, பெருமாள் சன்னிதிக்கு நேரா ஹால்ல வெச்சிருக்கேள். ஒரு எள்ளு இல்லை, ஒரு வாய் ஜலம் இல்லை. இது ஆத்துக்கு வந்ததுலேர்ந்து பொண்ணுக்கு வர வரனெல்லாம் வாசலோட திரும்பிப் போறதே, நான் எந்தக் கோயிலுக்குப் போகலை, எந்த ஜோசியரைக் கேக்கலை.” பார்த்தீர்களா, அந்த முடிச்சை நான் போடவில்லை. திருநாரணன் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டான். “பத்மா, இவன் புளுகன். ஊருக்கே தெரியும். எல்லாம் இட்டுக்கட்டின கதை.” செயலாளர் இன்பராஜ் வெள்ளை மனசுக்காரர், பக்கத்திலிருந்து கேட்டார்: “எது சார் இட்டுக்கட்டினது, சம்சாரமா, இல்ல பொன்னுரங்கமேவா? நீங்க இவ்வளவு நேரம் ஆராய்ச்சின்னு சொன்னீங்களே.” பொன்னுரங்கம் பொய் என்றால் இவன் பேச்சு பொய், பேச்சு பொய் என்றால் சால்வை யாருக்கு. நாக்கு உலர்வதைக் கண்ணால் பார்க்க முடியாது என்பார்கள், நான் பார்த்தேன், மூன்றாவது வரிசையிலிருந்து, கண்ணாடி போடாமலே பார்த்தேன். இந்த ஒரு நிமிஷத்துக்காக எத்தனை ராத்திரி நான் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். சொஜ்ஜியின் நெய் வாசனை திடீரென்று பிரமாதமாக இருந்தது.

“இது இனிமே ஆத்துக்கு வரப்படாது,” என்றார் பத்மாசனி அம்மாள். ஹாலைச் சுற்றிப் பார்த்தார். அபூர்வம், அசல் என்று வாயைப் பிளந்தவர்கள் அத்தனை பேரும் செருப்பைத் தேடுகிறவர்கள்போல் தரையைப் பார்த்தார்கள். எள்ளும் தண்ணியும் விடவேண்டிய பேட்ஜை யார் வாங்குவார்கள். நான் மெதுவாக எழுந்தேன். அவசரப்பட்டால் கெட்டுப்போகும். “அம்மா, முன்ன இது எங்கிட்ட இருந்தப்போ நான்தான் விட்டுட்டு இருந்தேன். வேற யாரும் முன்வரலைன்னா, பழையபடி நானே விடறேன்.” இங்கேதான் திருநாரணன் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது. முன்பு என்னிடம் இருந்தது என்பதை அவன் மனைவி முன்னால், சபை முன்னால், யாரும் சிரிக்காமல் நான் சொல்லிவிட்டேன், அவனால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அந்த அம்மாள் பேட்ஜை எடுத்து அவன் கையில் கொடுத்தார். “நீங்களே கொடுங்கோ.” கொடுத்தான். அவன் விரல் வேர்த்திருந்தது, என் உள்ளங்கையில் பித்தளை ஈரமாக விழுந்தது. ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம்கூட மறந்துவிட்டது அவனுக்கு. நான் பார்த்தேன், எழுத்து இடுக்கில், வெறும் கண்ணுக்கே தெரிந்தது, சுண்டு விரல் நகத்தால் எடுத்துவிடலாம் போல ஒரு சிவப்பு. “இத்தனை வருஷம் பாக்கி வெச்ச தோஷம் எங்களது,” என்றார் அம்மாள். “திதி அன்னிக்கு அரிசி, வாழைக்காய், பருப்பு, வெல்லம் எல்லாம் இவர் கையாலேயே உங்காத்துக்குக் கொண்டுவந்து தருவார். வருஷா வருஷம். என்ன திதின்னு சொல்லுங்கோ.”

திதி. அதை நான் தயார் பண்ணவில்லை. பேர் வைத்தேன், வேலை வைத்தேன், சம்சாரம் வைத்தேன், சாகிற நாளை வைக்க மறந்துவிட்டேன். ஏதாவது ஒரு மாசத்தைச் சொல் மாசிலாமணி, உன் வாய்க்கு மாசமா கிடைக்காது. ஆடி என்று சொல்லப் போனேன், புரட்டாசி என்று சொல்லப் போனேன், கையில் அந்தச் சிவப்பு இருந்தது, நாக்கு எனக்குத் தெரிந்த ஒரே நாளைத் தூக்கிப் போட்டது. “ஐப்பசி மாசம்மா. தேய்பிறை சப்தமி.” குரல் கொஞ்சம் உடைந்ததுபோல் இருந்திருக்கும், அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஐப்பசி தேய்பிறை சப்தமி. அன்றைக்குத்தான் வேதவல்லி போனது. அவள் பொட்டைப் பரு என்று சொன்னவன், அவள் திதிக்குத் தன் தலையில் அரிசி சுமந்து என் வாசலுக்கு வருவான், வெயிலில் வருவான், செருப்பைக் கழற்றிவிட்டு வருவான், யாருக்கு என்று தெரியாமலே வருவான், நான் பொன்னுரங்கம் பேரைச் சத்தமாகச் சொல்லி அவள் பேரை உள்ளே சொல்வேன். ஒங்க ஆளுங்கதானே எல்லாம் என்றாளே, அவள் பங்கில் ஒரு கவளம் இந்தப் புருவக்காரனுக்கும் வைப்பேன், அவன் உண்மைப் பேர் என்னவோ. அடுத்த ஐப்பசியும் வரும், அதற்கடுத்ததும் வரும், அவனும் வருவான், பத்மாசனி அம்மாள் விடமாட்டார்.

போன ஐப்பசியில் வந்தான். சொன்னால் நம்பமாட்டீர்கள், வாழைக்காயைக் கீழே வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கேட்டான்: “ஓய், அந்தக் கதையில் நாய் ஒண்ணு வருமே, அதுக்கு என்ன ஆச்சு?” அதுவும் செத்துப்போச்சு சார், அதுக்கும் ஒரு திதி இருக்கு, வேணுமா என்றேன். படியிறங்கிப் போனான். அவ்வளவுதான் நடந்தது, கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. இதை நீங்கள் எங்கே வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள், முக்கியமாகத் திருவல்லிக்கேணிப் பக்கம். அவன் பெண்ணுக்கு இப்போதுதான் நல்ல இடம் அமைந்திருக்கிறதாம். எனக்கும் ஐப்பசி அரிசி வந்துகொண்டிருக்கிறது.